சிறையில் இருக்கும் தம்பிக்கு இன்சுலின்: யாரிடம், எப்படிக் கேட்பது?

தாமிரபரணிக் கரையாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இதை இங்கே எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள்கள் தயங்கிவிட்டு எழுதுகிறேன். என் தம்பிக்கு 27 வயது. பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே சர்க்கரை நோய் வந்து, அன்றிலிருந்து காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொண்டு வாழ்பவன். ஊர்க் கோவில் கொடைவிழாவில் நடந்த ஒரு கைகலப்பில் அவன் பெயரும் சேர்க்கப்பட்டு, 11 நாள்களாகத் தென்மாவட்டச் சிறை ஒன்றில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அவன் உயிரோடு வெளியே வர வேண்டும் என்பது மட்டுமே என் கவலை.

வெள்ளிக்கிழமை மாலை கைது செய்தார்கள். இரவே மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர்படுத்திச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் காலையில், ஐஸ்கட்டி போட்ட சிறு ஃபிளாஸ்கில் இன்சுலின் குப்பியையும், மஞ்சள் பையில் ஊசிகளையும் எடுத்துக்கொண்டு சிறை வாசலில் நின்றேன். வெளி மருந்தை வாங்க அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐஸ்கட்டி கரைந்து தண்ணீராகும்வரை எதிரே இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். திங்கட்கிழமை சந்திப்பு மனுப் போட்டு அவனை நேரில் பார்த்தபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. இரண்டு நாள் ஊசியே இல்லை. நாக்கு வறண்டு, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காமல், ஞாயிறு மாலை வாந்தி எடுத்த பிறகுதான் சிறை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஊசி போடத் தொடங்கியிருக்கிறார்கள்.

இப்போது ஊசி கிடைக்கிறது; சிக்கல் வேறு உருவில் வந்திருக்கிறது. மாலை 4.30 மணிக்கு ஊசி, 5 மணிக்குச் சாப்பாடு, 6 மணிக்கு லாக்கப், அதாவது அறையில் அடைத்துப் பூட்டுவது. அதன் பிறகு மறுநாள் காலை வரை வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு முறை நள்ளிரவில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிப் போயிருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெரியவர், தாம் வாங்கி வைத்திருந்த கடலைமிட்டாயை உடைத்து அவன் வாயில் போட்டிருக்கிறார். அந்தப் பெரியவருக்கு நாளை ஜாமீன் கிடைத்துவிட்டால் என் தம்பியின் நிலை என்ன? இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா? கேட்டால் உள்ளே அவனுக்குத் தொல்லை வருமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு எழுதியது:

அம்மா, நான் அரசு மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் சில ஆண்டுகள் மத்தியச் சிறை ஒன்றின் மருத்துவமனையில் பணி. உங்கள் தம்பிக்கு நேர்ந்ததை வெவ்வேறு முகங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் இரவுச் சிக்கலுக்கு வருகிறேன்; அதுதான் இன்றைக்கே தீர வேண்டியது.

அவர் வெகுநாளாகக் காலை, மாலை இருவேளை போடுவதால் அது கலப்பு இன்சுலினாக இருக்கக்கூடும். அதில் மெதுவாக வேலை செய்யும் பகுதி, மாலையில் போட்டால் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டி வலுக்கிறது. வீட்டில் இரவு 8 மணிக்கு ஊசி போட்டு இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டுப் படுப்பவருக்கு ஒத்துவந்த அதே அளவு, 5 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை 7 மணிவரை வெறும் வயிற்றோடு இருப்பவருக்கு ஒத்துவராது. அளவு தவறல்ல, சிறையின் கடிகாரமும் ஊசியின் கடிகாரமும் பொருந்தவில்லை. ஆகவே சிறை மருத்துவ அலுவலரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. லாக்கப் நேரத்துக்கு ஏற்ப ஊசியின் அளவையோ வகையையோ மாற்ற முடியுமா என்பது ஒன்று. இரவில் அறைக்குள் பாலும் ரொட்டியும் சிறிது சர்க்கரையும் வைத்துக்கொள்ள மருத்துவ உணவாக எழுதித் தர முடியுமா என்பது மற்றொன்று. மருத்துவர் எழுதினால் உணவை மாற்றிக் கொடுக்கச் சிறையில் வழி உண்டு. அளவை நீங்களோ தம்பியோ உங்கள் யோசனையில் குறைத்துவிடாதீர்கள். இன்சுலினையே நம்பி வாழும் உடம்புக்கு ஊசி விட்டுப்போனால் இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து வரும். அந்த ஞாயிறு மாலை வாந்தி அதன் தொடக்கமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வாசலில் மருந்தை வாங்க மறுத்ததில் முழுக்கக் கல்நெஞ்சைப் பார்க்காதீர்கள். மாத்திரை அட்டைக்குள் போதை மாத்திரை வைத்து வந்த நாள்களை நான் கண்டிருக்கிறேன்; குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று வாசல் காவலருக்குத் தெரியாது. ஆனால் குப்பியை மறுக்கலாம், காகிதத்தை மறுக்கக் கூடாது. அரசு மருத்துவமனைச் சீட்டு, மருந்தின் பெயர், எத்தனை யூனிட், எந்த நேரம், எத்தனை ஆண்டுகளாக என்று ஒரு தாளில் எழுதி, "சிறை மருத்துவ அலுவலர் பார்வைக்கு" என்று கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேளுங்கள். 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவு, உள்ளே வரும் ஒவ்வொருவரையும் கூடிய விரைவில் பரிசோதித்து உடல்நிலையைப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. 38ஆம் பிரிவு இன்னும் பயனுள்ளது. மருத்துவ அலுவலர் தரும் அறிவுரைகளை, அவரே நிறைவேற்றுபவையும் மருந்து வழங்கும் உத்தரவுகளும் நீங்கலாக, கைதியின் ஹிஸ்டரி டிக்கெட்டில், அதாவது அவருக்கென இருக்கும் பதிவுச் சீட்டில், அன்றன்று எழுத வேண்டும். அது நிறைவேற்றப்பட்டதா இல்லையா என்பதை ஜெயிலர் அதற்கு நேரே குறிக்க வேண்டும். உணவும் உறங்கும் இடமும் அந்தச் சீட்டில் ஏறிவிட்டால், அடுத்த பணிமுறைக்கு வருகிறவரும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது அன்றைய காவலரோடு போய்விடும்.

வேறொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இழையைப் படிக்கும் மற்றக் குடும்பங்களுக்காக. நாள்தோறும் குடிக்கிறவர் திடீரென்று உள்ளே வந்தால், கடைசியாகக் குடித்த இரண்டாம், மூன்றாம் நாளில் வலிப்பு வரலாம். இல்லாத ஆட்களோடு பேசுவார், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி அடிப்பார். உடனிருப்பவர்கள் பைத்தியம் என்றும் நடிப்பு என்றும் நினைப்பார்கள். அது குடி நின்றதால் வரும் ஆபத்தான நோய். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் தக்க மருந்தும் கொடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், விட்டால் சாகவும் கூடும். நுழைவுப் பரிசோதனையின்போது வெட்கப்பட்டு "குடிப்பழக்கம் இல்லை" என்று சொன்ன ஒருவரை மூன்றாம் இரவில் நாங்கள் இழுத்துப் பிடித்து ஊசி போட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை குடிப்பவர் என்றால், வழக்கறிஞரிடம் சொல்வதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

சகோதரி, "கேட்க எனக்கு உரிமை உண்டா" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, அது கருணை மனு அல்ல. நான் இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் இருந்து சிறைக்குச் சென்று வருபவன் என்பதால், நடைமுறையில் எது வேலை செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் நடைமுறையில் இருப்பது, தன் 53ஆம் பிரிவில் கைதான ஒவ்வொருவரையும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இதைக் கேட்டு வாங்கும் குடும்பத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். 56ஆம் பிரிவு, காவலில் வைத்திருப்பவரே அவருடைய உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் தக்க கவனம் எடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று கூறி ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின்றன.

இவ்வளவு இருந்தும் ஏன் தவறுகிறது? அரசு மருத்துவமனையில் நள்ளிரவில், காவலர்கள் சூழ நிற்க, "ஏதும் காயம் உண்டா" என்ற ஒரு கேள்வியோடு தகுதிச் சான்று எழுதப்படுகிறது. நீதித்துறை நடுவரும் (மாஜிஸ்திரேட்) அந்தச் சான்றைப் பார்த்து ரிமாண்ட் செய்கிறார். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிபட்டு, அதன் பின்னும் சிறையில் அடைக்கத் தகுதி என்று சான்று பெற்று, கோவில்பட்டிக் கிளைச்சிறைக்குப் போய், அடுத்தடுத்து இறந்தார்கள். அந்தச் சான்றும் ரிமாண்டும் உயிர் காக்கும் இரண்டு வாசல்கள். இரண்டையும் யாரும் உற்றுப் பார்க்காமல் கடந்தார்கள். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்றுதான்: ரிமாண்டின்போது நடுவர் முன் நோயைச் சொல்லி, அதை ரிமாண்ட் உத்தரவிலேயே எழுத வைப்பது. "இவர் இன்சுலின் எடுப்பவர், சிறைக் கண்காணிப்பாளர் சிகிச்சைக்கு ஆவன செய்க" என்ற ஒற்றை வரி, கைதியோடு சிறை வாசலுக்குள் போகும்.

உங்கள் தம்பி விஷயத்தில் அந்த நாள் கடந்துவிட்டது. இப்போது அதே நீதிமன்றத்தில், மருத்துவச் சீட்டுகளின் நகலோடு, உரிய சிகிச்சையும் உணவும் அளித்து அறிக்கை தாக்கல் செய்யுமாறு சிறை நிர்வாகத்துக்கு உத்தரவிடக் கோரி ஒரு மனுப் போடலாம். ஒரு பக்கம் போதும். இரவில் நடந்த இரண்டு சம்பவங்களையும் தேதியோடு எழுதுங்கள். யார் மீதும் குற்றம் சாட்ட வேண்டாம். தனியாக, நோயுற்றவர் என்ற காரணத்தை அதே சன்ஹிதாவின் 480ஆம் பிரிவின்கீழ் ஜாமீன் மனுவிலும் எடுத்துச் சொல்லலாம். விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவின் பார்வைக்கும் சிறப்புச் சிகிச்சை தேவைப்படும் நோயாளிகளின் பெயர்கள் போக வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் பேசினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு இணைப்பார்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

தொல்லை வருமா என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சம் நியாயமானதே. என் அனுபவத்தில், நீதிமன்றத்தின் கண் ஒருவர் மீது இருக்கிறது என்று தெரிந்தால் கவனம் கூடுகிறது.

செங்கல்சூளை எழுதியது:

நானும் அரசு மருத்துவமனை வரிசையில் அம்மாவோடு விடியற்காலையில் நிற்பவன். ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கைகலப்பில் அடிபட்டவர் வீட்டில் யார் பாலும் ரொட்டியும் கொடுக்கிறார்கள்? குற்றம் செய்யாத ஏழைக்கு ஒரு ஸ்கேன் எடுக்க மூன்று வாரம் காத்திருக்கச் சொல்லும் அரசு, உள்ளே இருப்பவருக்கு இவ்வளவு செய்ய வேண்டுமா? சகோதரியின் துயரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

கேட்டது நல்லது, நண்பரே. பலரும் மனதுக்குள் கேட்பதுதான். அடிபட்டவருக்கு இழப்பீடும் சிகிச்சையும் சேர வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இல்லை. அதற்கும் இதே ஆணைக்குழுவில்தான் விண்ணப்பிக்க வேண்டும், நானே சிலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உங்கள் அம்மாவுக்கு இரவில் சர்க்கரை இறங்கினால் நீங்கள் எழுந்து அடுப்படிக்குப் போக முடியும். அந்த அறையின் பூட்டு அரசின் கையில் இருக்கிறது. எழுந்து போகும் உரிமையை எடுத்துக்கொண்டவர், போக முடியாததால் வரும் கடமையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். 2015இல் ஐ.நா. பொது அவை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆவது, வெளியே மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் சிறைக்குள்ளும் சிகிச்சை இருக்க வேண்டும் என்கிறது, கூடுதலாக அல்ல.

"குற்றம் செய்தவர்" என்ற சொல்லையும் சற்று நிறுத்திப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், அவர்களில் 75.8 விழுக்காட்டினர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். 4,36,266 பேருக்கான இடத்தில் அத்தனை பேரும் இருந்தார்கள். அந்த நெரிசலில் காசநோய் ஒருவரைத் தொற்றினால், அவர் ஜாமீனில் ஏறி வரும் பேருந்தில் நீங்களும் நானும் இருப்போம்.

பதினான்கு மாதம் எழுதியது:

நான் உள்ளே இருந்து வந்தவன். விடுதலை ஆகிவிட்டேன், வழக்கு முடிந்துவிட்டது. பெயர் சொல்ல விருப்பமில்லை. அக்கா, யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் தம்பிக்கு மிக ஆபத்தான நாள் கோர்ட்டு நாள்.

வாய்தாவுக்குக் காலை 8 மணிக்கே வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். வழிக்காவல் போலீஸ் ஆயுதப்படையிலிருந்து வர வேண்டும். வேன் வந்தால் போவோம், இல்லையென்றால் அப்படியே உட்கார்ந்திருப்போம். மதியச் சாப்பாடு கூட வரும் காவலரின் மனத்தைப் பொறுத்தது. திரும்பும்போது சிறையில் சாப்பாடு கொடுத்து முடித்திருப்பார்கள். காலை ஊசியைப் போட்டுக்கொண்டு போய் மதியம் சாப்பிடாமல் இருந்தால் வேனிலேயே மயங்கி விழுவார். என்னோடு இருந்த ஒருவருக்கு அப்படி ஆனபோது, குடித்துவிட்டானா என்றுதான் முதலில் கேட்டார்கள். ஆகவே வாய்தா நாளில் நீங்கள் நீதிமன்றத்துக்குப் போய், நடுவரின் அனுமதியோடு சாப்பாடு கொடுங்கள். காணொலி மூலம் காவல் நீட்டிப்புச் செய்தால் அலைச்சல் இல்லை. ஆனால் நோயை நேரில் சொல்லும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தாலும் இதே கதைதான். மருத்துவர் தேதி கொடுத்திருப்பார், வழிக்காவல் வராததால் தேதி போய்விடும். எனக்குப் பல் வீங்கி, மூன்று தேதி தவறி, நான்காவது தேதியில்தான் போனேன். அதற்குள் வாயைத் திறக்க முடியாமல் கஞ்சியைத் துணியில் நனைத்து உறிஞ்சிக் குடித்தேன்.

கிளினிக் செவிலி எழுதியது:

நான் மனநலச் செவிலியர். எல்லாரும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். அக்கா, தம்பி உறங்குகிறாரா என்று கேட்டீர்களா? இரவில் மீண்டும் மயங்கிவிடுவோமோ என்ற அச்சத்திலேயே விழித்திருப்பவர்களை எங்கள் வார்டில் பார்க்கிறோம். பூட்டிய அறையில் அந்த அச்சம் இரட்டிப்பாகும். 2022இல் இந்தியச் சிறைகளில் நேர்ந்த இயற்கைக்கு மாறான 159 மரணங்களில் 119 தற்கொலைகள். ரிமாண்டின் முதல் நாள்கள், ஜாமீன் தள்ளுபடியான நாள், வீட்டிலிருந்து யாரும் வராத வாரம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை எங்கள் பணி கற்றுத் தந்திருக்கிறது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநலச் சிகிச்சை நிலையம் அமைய வேண்டும் என்கிறது. ஒரு மாநிலத்துக்கு ஒன்று என்பது மிகக் குறைவு என்பதே என் கருத்து. ஆனாலும் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்க அந்தச் சட்டம் போதுமான பிடிமானம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்று 115ஆம் பிரிவு சொல்வதால், அதைச் சொல்லித் தண்டிக்கப் பார்த்தால் அஞ்சாமல் எதிர்த்துப் பேசலாம்.

சிறையில் மனுப் போட்டு அவரைப் பார்க்கும்போது வழக்கைப் பற்றி மட்டுமே பேசி நேரத்தை முடித்துவிடாதீர்கள். மாட்டுக்குக் கன்று பிறந்ததைச் சொல்லுங்கள், தெருவில் யார் வீடு கட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள். திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது என்பது அவர் காதில் விழ வேண்டும். உங்களுக்கே தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

தாமிரபரணிக் கரையாள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். நீங்கள் சொன்னபடி ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, நகலில் கையொப்பம் வாங்கினேன். முதல் நாள் வாங்க மறுத்தார்கள். மறுநாள் சிறை நல அலுவலரைப் பார்த்தபோது அவரே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆணைக்குழுவின் வழக்கறிஞர் அம்மா ஒருவர் மனுத் தாக்கல் செய்தார். நடுவர் உத்தரவு போட்ட நான்காம் நாள், மாலை ஊசியின் அளவைக் குறைத்து, லாக்கப்புக்கு முன் ஒரு டம்ளர் பாலும் நான்கு ரொட்டித் துண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தம்பி அந்த ரொட்டியைப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, இரவு 9 மணிக்குப் பக்கத்துக் கோவில் மணி அடித்ததும் சாப்பிடுகிறானாம். அதன் பிறகு வியர்வை வரவில்லை. கடலைமிட்டாய் கொடுத்த பெரியவர் ஜாமீனில் போய்விட்டார். போகும்போது மிச்சமிருந்த இரண்டு வில்லையையும் இவன் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

செங்கல்சூளை ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடிபட்டவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கையில் கட்டோடு இருக்கிறார். நான் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஜாமீன் கிடைக்கும் என்று வழக்கறிஞர் அம்மா நம்புகிறார். வெளியே வரும் நாளில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

மருந்துச்சீட்டு எழுதியது:

மகிழ்ச்சி, அம்மா. அந்த நாளைப் பற்றிக் கேட்டதே நல்லது. ஜாமீன் உத்தரவு சிறைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் மாலை ஆகிவிடும். பெயரைக் கூப்பிட்டதும் துணி மூட்டையோடு ஓடி வருவார்கள். மருந்தும் சீட்டும் சிறை மருத்துவமனையிலேயே தங்கிவிடும். காசநோய்க்கு ஆறு மாத மருந்து தின்றுகொண்டிருந்தவர்கள் அப்படிப் போய், பாதியில் நிறுத்தி, நோய் முற்றித் திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் நிக்ஷய் எண்ணை, அதாவது காசநோயாளிக்கு அரசு தரும் பதிவு எண்ணை, எழுதி வாங்கிக்கொண்டால் எந்த ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் சிகிச்சையைத் தொடரலாம்.

தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்: விடுதலைக்குக் கூப்பிட்டால் சிகிச்சைச் சுருக்கமும் மாற்றிய ஊசி அளவும் எழுதிய தாளைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பழைய அளவுக்குத் தானாகத் திரும்பக் கூடாது. சாப்பாட்டு நேரம் மறுபடி மாறுவதால் ஒரு வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். அந்தத் தாளை உங்கள் பகுதிக்கு வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளரிடமும் காட்டி வையுங்கள். நீங்கள் வாசலுக்குப் போகும்போது அதே ஃபிளாஸ்கை ஐஸ்கட்டியோடு எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு பொட்டலம் இட்லியும். அன்று மாலை ஊசி போட்டிருப்பார்கள், சாப்பாட்டுக்கு முன்பே பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். பேருந்தில் ஏறுமுன் அவர் முதலில் சாப்பிட வேண்டும்.